கீறல் விழாத பூட்டு

புவக்கந்தை தோட்டம்,
மேல் டிவிசன், எஹலியகொட.
2024.08.18

என் அன்புத் தங்கச்சி ஜெயந்திக்கு,

அக்கா டிலானி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே ரொபர்ட்டும் பிள்ளைகள் மூன்று பேரும் நானும் சுகம். உன் சுகத்தைத்தான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கன்னியர் மடத்தில் பயிற்சி வருஷம் முடியும்வரை போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த ஒன்றையும் நீ அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறாய். போன கடிதத்தில் பாதி வெயிலைப் பற்றி. நீர்கொழும்பில் வெயில் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ளவா நான் ஒரு மாதம் காத்துக் கிடக்கிறேன்?

அம்மாவின் வருஷப் பூசை நல்லபடியாக முடிந்தது. பூசையில் சுவாமி அம்மாவின் பெயரை, ரோசம்மா என்று, இரண்டு தடவை சொன்னார். கல்லறையில் புல் வெட்டி மெழுகுதிரி ஏற்றினோம். உன் பெயரிலும் ஒன்று ஏற்றினேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நான் பூட்டுத் திறக்கப் பழகுகிறேன். சாவி இல்லாமல்.

ஜூன் மாதம் விறகுக் கொட்டிலின் சாவியை பஸ்ஸில் தொலைத்துவிட்டேன். பூட்டைக் கழற்ற முடியாமல் கொண்டியோடு பிடுங்கிக்கொண்டு எஹலியகொட டவுனுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடை தைத்து, சாவி வெட்டுகிற அப்துல் ரஸாக் நானாவை உனக்குத் தெரியும். அவர் குடைக் கம்பி ஒன்றை விட்டு, தேத்தண்ணி ஆறுவதற்குள் திறந்து வைத்துவிட்டார். "எப்படிங்க நானா?" என்று கேட்டேன். "அது கை வேலை தங்கச்சி, வாயால சொல்ல ஏலாது" என்றார். சாவி இல்லாத, துருவேறிய பழைய பூட்டுகள் ஒரு பை நிறையக் கிடந்தன. "கறல் புடிச்சது, கொண்டு போய் வெளயாடு" என்று தந்துவிட்டார்.

மிச்சத்தை மூத்த மகளின் வகுப்புக்காக வாங்கிய போனில் பார்த்துப் படித்தேன். வெள்ளைக்காரன் ஒருவன் பேசுகிறான். பேச்சு புரியாது, கை புரிகிறது. பூட்டுக்குள் நாலைந்து சின்னப் பின்கள் வரிசையாக நிற்கின்றன. சாவி போனால் எல்லாம் சரியான உயரத்துக்கு ஏறி வழிவிடும். சாவி இல்லாதவர் ஒரு கம்பியால் உருளையை இலேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் ஒவ்வொரு பின்னாகத் தூக்க வேண்டும். இருபது வருஷமாக றப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கைக்கு இது புதிதில்லை. பட்டையில் கத்தி எவ்வளவு போகலாம், எங்கே போனால் மரத்துக்குக் காயம் என்று கண்ணாலா பார்க்கிறோம்? கை சொல்லும். இரண்டு மாதத்தில் ஒன்பது பூட்டுத் திறந்துவிட்டேன். பதினொரு மணிக்குப் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்தால் பின்னேரம் முழுக்க எனக்கு இதுதான்.

பக்கத்தில் அம்மா இருந்த காம்பரா, அந்த ஒற்றை அறை, நீ பூட்டிவிட்டுப் போனபடியே இருக்கிறது. ரொபர்ட் மட்டும் அந்தப் பூட்டைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுகிறார். "அஞ்சு பேரு ஒரு காம்பராவுல நெரிபடுறோம், பக்கத்துல ஒன்னு சும்மா கெடக்கு" என்கிறார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நிறைய எழுது. வெயில் வேண்டாம்.

அன்பு அக்கா,
டிலானி


நவகன்னியர் மடம்,
நீர்கொழும்பு.
2024.09.15

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் கடிதத்தைத் தையல் அறையில் வாசித்துச் சிரித்துவிட்டேன். என்ன என்று கேட்டார்கள். என் அக்கா கள்ளர் வேலை படிக்கிறார் என்று எப்படிச் சொல்வது? மாமிக்குச் சுகமில்லாமல் இருந்து தேறிவிட்டார் என்று சொன்னேன். நமக்கு மாமியே இல்லை. அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதாயிற்று, அது உங்கள் கணக்கு.

அத்தான் பெருமூச்சு விடட்டும். ஆனால் அக்கா, அந்தப் பூட்டு விஷயத்தில் விளையாட வேண்டாம். தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். குடும்பம் வெளியூருக்குப் போனாலும் கதவில் பூட்டுத் தொங்கும்வரை காம்பரா அந்தக் குடும்பத்துக்குத்தான். யாராவது உடைத்தால் பொலிஸ் கேஸ், உரிமை போகாது. ஆனால் நாமே சாவி போட்டுத் திறந்துவிட்டால் "ஒப்படைத்தாச்சு" என்று புத்தகத்தில் எழுதி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கீழ் டிவிசனில் தங்கம்மா அக்காவின் காம்பரா அப்படித்தான் போனது. திருவிழாவுக்கு வந்து கதவைத் திறந்தார், அவ்வளவுதான்.

எனக்கு பெப்ரவரி இரண்டாம் திகதி முதல் வார்த்தைப்பாடு, கன்னியராக வாழ்வேன் என்று வாக்குக் கொடுக்கிற நாள். அதுவரை நான் சிஸ்டரும் இல்லை, வீட்டுப் பிள்ளையும் இல்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அம்மா சொல்வாரே. சாவி என் பெட்டியில் உடுப்புக்கு அடியில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

தங்கச்சி,
ஜெயந்தி


புவக்கந்தை தோட்டம்,
எஹலியகொட.
2024.10.20

அன்புத் தங்கச்சிக்கு,

உன் பூட்டை நான் ஏன் தொடப் போகிறேன்? இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்கும் கட்டளை உண்டு, தெரியுமா? மூத்தவள் மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்த வெள்ளைக்காரன் ஒவ்வொரு முறையும் முதலில் இரண்டு சொல்கிறானாம். உனக்குச் சொந்தமில்லாத பூட்டில் கை வைக்காதே. பாவனையில் இருக்கிற பூட்டில், அது உன்னுடையதே ஆனாலும், கை வைக்காதே. மோசேக்குப் பத்து, எங்களுக்கு இரண்டு. நான் ரஸாக் நானாவின் கறல் பூட்டுகளோடு இருந்துகொள்கிறேன்.

ஆனால் அந்தப் பையில் ஒன்று என்னை ஒன்றரை மாதமாகப் படுத்தி எடுத்தது. உன் பூட்டு மாதிரியே பித்தளையில் கனமானது. அதற்குள் இருப்பவை சாதாரணப் பின் இல்லை. பாதுகாப்புப் பின்னாம். இடுப்பு ஒடுங்கி, நூல் கட்டை மாதிரி இருக்கும். சிலதில் ஆணி மரை போல வெட்டு வெட்டாக இருக்கும். இவற்றின் வேலையே ஏமாற்றுவதுதான். தூக்கிக்கொண்டு போனால் உருளை சட்டென்று கொஞ்சம் திரும்பும். திறந்துவிட்டது என்று மனம் குதிக்கும். திறக்காது. அங்கேயே நின்றுகொள்ளும். நான் முதல் முறை அதை நம்பி ரொபர்ட்டைக் கூப்பிட்டு வெட்கப்பட்டுப் போனேன்.

அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்றால், இறுக்கிப் பிடித்த கையைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் உருளை பின்னால் போகும். இவ்வளவு நேரம் ஏற்றி வைத்ததெல்லாம் பொலபொலவென்று விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். பயந்து இறுக்கினால் முடிந்தது கதை. எனக்கு ஆத்திரம் வந்து இரண்டு குடைக் கம்பியை முறித்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று நீ சொல்வது கேட்கிறது.

போன செவ்வாய் திறந்தது. திறந்துவிட்டு ஒருவரிடமும் சொல்லாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த எந்த வேலையையும் யாரும் பார்த்து வியந்ததில்லை, ஜெயந்தி. பால் வெட்டினால் லீட்டரைத்தான் கேட்பார்கள். இதை நானே பார்த்து வியந்தேன். உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மழை தொடங்கிவிட்டது. அம்மாவின் காம்பராத் தகரம் காற்றில் படபடக்கிறது. தோட்ட ஒபிசில் சொல்லிவைத்திருக்கிறேன், பார்ப்போம் என்றார்கள்.

அக்கா,
டிலானி


நவகன்னியர் மடம்,
நீர்கொழும்பு.
2024.11.10

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை நிறைய எழுதுகிறேன். வெயில் இல்லை.

எனக்கு இங்கே நிற்பதா, திரும்பி வருவதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன். இரண்டு மாதமாக ஜெபத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. யாரும் குறை வைக்கவில்லை. மதர் நல்லவர், சாப்பாடு நல்லது, பாலர் பாடசாலைப் பிள்ளைகள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். ஒரு நாள் இங்கேயே சாக வேண்டும் என்று தோன்றுகிறது. அடுத்த நாள் பஸ்ஸில் ஏறி வந்து அம்மாவின் அடுப்பில் ரொட்டி சுட வேண்டும் போல இருக்கிறது.

மதரிடம் சொன்னேன். கோபிக்கவில்லை. வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் என் கைப்பட ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும், எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சுயவிருப்பத்தோடு வருகிறேன் என்று. "வெளியில உனக்கு ஒரு வீடு இருக்கா மகள்?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப நல்லது. போக இடம் இல்லாதவ இங்க நின்னா அது அழைத்தல் இல்ல, ஒதுங்கி நிக்கிறது. இடம் இருந்தும் நிக்கிறியான்னு பாரு" என்றார்.

அதனால்தான் அக்கா, அந்தக் காம்பராவைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஆறாவது ஆளாக வந்து படுக்க எனக்கு மனம் வராது, உங்களுக்கும் இடம் இல்லை. அம்மாவின் காம்பரா இருப்பதால்தான் என்னால் யோசிக்கவே முடிகிறது. வர மாட்டேனோ என்னவோ. ஆனால் வரலாம் என்று இருக்க வேண்டும்.

அந்தப் பெரிய பூட்டைத் திறந்ததற்கு என் பாராட்டு. நான் பார்த்து வியக்கிறேன்.

தங்கச்சி,
ஜெயந்தி


புவக்கந்தை தோட்டம்,
எஹலியகொட.
2024.12.01

ஜெயந்தி,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் பூட்டை நான் திறந்தேன். காம்பரா போய்விட்டது.

புதன்கிழமை பின்னேரம் மூன்று மணி இருக்கும். அப்படி ஒரு காற்று. அம்மாவின் கூரையில் இரண்டு தகரம் பிய்த்துக்கொண்டு றப்பர் மலைக்குள் போய் விழுந்தது. தண்ணீர் உள்ளே இறங்கி, நடுச்சுவருக்கு அடியால் எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. பிள்ளைகளின் புத்தகம் மிதக்கிறது. ரொபர்ட் கோடாரியோடு வந்து "தள்ளு, ஒரே அடி" என்றார்.

நான் தடுத்தேன். "ஒடைக்காதீங்க. நான் தொறக்கிறேன்" என்றேன்.

அடித்து உடைக்க விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. உடைந்த பூட்டு, பறந்த தகரம், மழை. ஒபிசில் அப்படியே எழுதியிருப்பார்கள். உனக்கு ஒரு புதுப் பூட்டு வந்திருக்கும். நான் உன் பூட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். முழுதாகச் சொன்னால், என்னால் முடியுமா என்று பார்க்கவும் ஆசை இருந்தது. நீ போனதிலிருந்து தினமும் அதைக் கடந்துதான் போகிறேன், வருகிறேன். ரொபர்ட் குடை பிடிக்க, குந்தியிருந்து திறந்தேன். ஏமாற்றுப் பின் மூன்று. திறந்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். மழையில் சிரித்தேன்.

கூரைக்கு மேலால் தார்ப்பாய்ப் படங்கு இழுத்துக் கட்டினோம். மாதா சொரூபமும் அம்மாவின் பெட்டியும் நனையவில்லை. தரை காயட்டும் என்று வியாழக்கிழமை காலை கதவைத் திறந்து வைத்தேன். பத்து மணிக்குத் திரும்பப் பூட்டிவிட இருந்தேன். ஒன்பதுக்கு ஒபிசிலிருந்து, காம்பராக்களைப் பார்க்கிற வெல்ஃபெயார் ஐயாவும் சதீஸ் கிளாக்கரும் சேதம் பார்க்க வந்துவிட்டார்கள்.

கிளாக்கர் பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒடைக்கல்லயே. ஒரு கீறல்கூட இல்ல. சாவி போட்டுத்தான் தொறந்திருக்கு" என்றார்.

"அப்ப அந்தத் தங்கச்சி சாவிய அனுப்பிட்டாங்களா?" என்று ஐயா என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரொபர்ட் சொன்னார். "ஆமாங்க ஐயா. அவ சிஸ்டரா போறா, இனி வர மாட்டா. எங்களப் பாவிக்கச் சொல்லித்தான் அனுப்பினா."

ஜெயந்தி, நான் பேசவில்லை. பேச நேரம் இருந்தது. அவர்கள் புத்தகத்தை விரித்து, பேனா எழுதாமல், இன்னொரு பேனா தேடி, எழுதி முடிக்கும் மட்டும் நான் கதவடியில் நின்றேன். அந்த நேரம் நான் உன்னை நினைக்கவில்லை. மூத்தவளுக்குப் பதினாறு வயது. உடுப்பு மாற்ற மூலையில் சேலை கட்டிக்கொண்டு, அப்பா வெளியே போகும்வரை காத்து நிற்கிறாள். அதைத்தான் நினைத்தேன். "ஒப்படைத்தது, ரொபர்ட் குடும்பத்துக்கு வழங்கியது" என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்கே ரொபர்ட் கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்.

பிள்ளைகள் சந்தோசமாக இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போய்ப் படுக்கவில்லை. அது உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எழுதவில்லை.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று எழுது. திட்டு. அரைப் பக்கமாவது எழுது.

டிலானி


நவகன்னியர் மடம்,
நீர்கொழும்பு.
2024.12.20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாவியை எடுத்துப் பார்த்தேன். பெட்டியில் அதே இடத்தில்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது நல்லதுதான். அதை மனதாரத்தான் எழுதுகிறேன். மற்றதைப் பற்றி எழுத எனக்கு இப்போது முடியவில்லை.

ஜனவரி இரண்டாம் திகதி மாலை எங்களுக்கு முப்பது நாள் தியானம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வரும் கடிதங்களை வார்த்தைப்பாடு முடிந்த பிறகுதான் கையில் தருவார்கள். பெப்ரவரி இரண்டாம் திகதி நீங்கள் யாரும் வர வேண்டாம். தயவுசெய்து.

நத்தார் வாழ்த்துகள்.

ஜெயந்தி


புவக்கந்தை தோட்டம்,
எஹலியகொட.
2024.12.30

என் தங்கச்சிக்கு,

காம்பரா உன்னுடையதுதான். முதலில் அதைப் படித்துக்கொள். பிறகு மிச்சத்தைப் படி.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. "தயவுசெய்து" என்று எழுதியிருந்தாய். நமக்குள் அந்த வார்த்தை எப்போது வந்தது? இன்று காலை பால் வெட்டப் போகாமல் ஒபிசுக்குப் போனேன். ரொபர்ட் குறுக்கே நின்று, "போனா திரும்பி வராத" என்றார். பிறகு பார்ப்போம் என்று போய்விட்டேன்.

தோட்டத்து மேனேஜர் துரை இருந்தார், வெல்ஃபெயார் ஐயா இருந்தார், சதீஸ் கிளாக்கர் இருந்தார். துரைக்குத் தமிழ் அரைகுறை, நான் சிங்களத்திலேயே சொன்னேன். தங்கச்சி சாவி அனுப்பவில்லை, நான்தான் கம்பி போட்டுத் திறந்தேன், என் புருசன் சொன்னது பொய், நான் பேசாமல் நின்றது அதைவிடப் பெரிய பொய் என்றேன்.

யாரும் நம்பவில்லை. துரை சிரித்தார். "காம்பரா விஷயத்துல புருசனோட சண்டையா?" என்று கேட்டார். கிளாக்கர் என்னிடம், "அக்கா, பால் வெட்டுற பொம்பள அந்தப் பூட்டத் தொறந்தேன்னு சொன்னா யாரு நம்புவா? வீட்டுக்குப் போங்க" என்றார்.

"அப்ப ஒரு பூட்டுத் தாங்க" என்றேன்.

டீசல் ஸ்டோர்ப் பூட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். நான் முன்பின் தொடாத பூட்டு. இடுப்பிலிருந்து கம்பியை எடுத்தேன். சொந்தமில்லாத பூட்டு, பாவனையில் இருக்கிற பூட்டு, இரண்டு கட்டளையையும் துரை முன்னாலேயே மீறினேன். ஏமாற்றுத் திருப்பம் வந்தது. கிளாக்கர் "ஆ, தொறந்திருச்சு" என்றார். நான் "இல்ல, இன்னும் இல்ல" என்று கையைத் தளர்த்தினேன். ஒரு பின் விழுந்தது. மறுபடி ஏற்றினேன். சுவர் மணிக்கூட்டில் பதினொரு நிமிஷம். திறந்து மேசையில் வைத்தேன்.

யாரும் வியக்கவில்லை, ஜெயந்தி. துரை பூட்டை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். என்னைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது. மே மாதம் ஷீட் காயவைக்கிற புகை அறையிலிருந்து, பூட்டு உடையாமல், றப்பர் ஷீட் காணாமல் போயிருந்தது, அதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். மே மாதம் எனக்குப் பூட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. சொன்னேன். "அதைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது.

ஆனால் நான் அங்கேயே நின்றேன். "என்னைக் கள்ளின்னு எழுதுங்க ஐயா. ஆனா கள்ளி தொறந்த கதவு, வீட்டுக்காரி தொறந்த கதவு இல்ல. அதையும் எழுதுங்க" என்றேன். வெல்ஃபெயார் ஐயா துரையிடம் ஏதோ சொன்னார். பழையதை வெட்டிவிட்டு, "பூட்டு களவாகத் திறக்கப்பட்டது, ரோசம்மா குடும்பத்தின் உரிமை தொடர்கிறது" என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள். நான் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

கட்டிலை நானும் மூத்தவளும் தூக்கி வந்தோம். அவள் போய் மூலையில் மறுபடி சேலையைக் கட்டினாள். உன் பூட்டைப் பூட்டிவிட்டேன். ரொபர்ட் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். லயத்தில் நான் தண்ணி எடுக்கப் போனால் பொம்பிளைகள் வீட்டுப் பக்கம் திரும்பித் தங்கள் கதவைப் பார்க்கிறார்கள்.

மடத்துக்குப் போன் எடுத்தேன். வாசல் சிஸ்டர், "அவசரமா? யாரும் இறந்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எழுதுங்க, குடுக்கிறோம்" என்றார். நாளைக் காலை ரெஜிஸ்டர் தபாலில் போடுகிறேன். இரண்டாம் திகதிக்கு முன் வந்துவிடும் என்று தபால் கந்தோரில் சொல்கிறார்கள்.

நீ நிற்பதென்றால் நில். வருவதென்றால் வா. உனக்கு வீடு இருக்கிறது.

உன் அக்கா,
டிலானி


நவகன்னியர் மடம்,
நீர்கொழும்பு.
2025.02.03

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று எனக்கு வார்த்தைப்பாடு முடிந்தது. பூசைக்குப் பிறகு, சாப்பாடெல்லாம் ஆன பின் வாசல் சிஸ்டர் தியான நாட்களில் வந்த கடிதங்களைக் கொண்டுவந்து தந்தார். எனக்கு ஒன்றுதான். உறையில் ஜனவரி மூன்று என்று முத்திரை. ஒரு நாள் பிந்தி வந்திருக்கிறது.

நின்றுகொண்டே வாசித்தேன். பிறகு உட்கார்ந்து வாசித்தேன்.

அக்கா, அந்த முப்பது நாளும் எனக்கு ஒரே நினைவுதான். வீடு போய்விட்டது, ஆகவே ஆண்டவர் அந்தப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டார், இதுதான் அடையாளம் என்று என்னை நானே நம்ப வைத்தேன். விண்ணப்பம் எழுதும்போது மதர் மறுபடி கேட்டார், "வெளியில வீடு இருக்குதானே மகள்?" என்று. இருக்கிறது மதர் என்று சொன்னேன். காம்பரா போனதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார் என்று பயம். வெளியே போய் எங்கே நிற்பது? சுயவிருப்பத்தோடு வருகிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நீங்கள் கதவடியில் பேசாமல் நின்றீர்கள் என்று உங்கள் மேல் எவ்வளவு கோபப்பட்டேன். நானும் அதையேதான் செய்தேன், அதுவும் பீடத்துக்கு முன்னால்.

உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. போய்விட்டது என்று எழுதினால் பொய். நீங்கள் கள்ளி என்று பெயர் வாங்கியதை வாசித்து அழுததும் உண்மை. இரண்டும் ஒன்றாக இருக்கிறது.

நேற்று மாலையே மதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "முதல் வார்த்தைப்பாடு ஒரு வருஷத்துக்குத்தான். குடுத்த வாக்கு, அந்த ஒரு வருஷத்த நேர்மையா வாழ்ந்து முடி. அடுத்த பெப்ரவரியில நான் திரும்பக் கேப்பேன். அன்னைக்கு உண்மையச் சொல்லு" என்றார்.

இதோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். துரையிடமும் பொலிசிடமும் காட்டுங்கள். உங்களுக்குத் திறக்க அனுமதி கொடுத்தேன் என்று எழுதத்தான் முதலில் கை போனது. எழுதவில்லை, அது நடக்கவில்லை. "பூட்டை என் அக்கா என் அனுமதியில்லாமல் திறந்தார். மழைக்காகத் திறந்தார். உள்ளிருந்து ஒரு பொருளும் போகவில்லை. எனக்கு அவர் மேல் முறைப்பாடு இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். மதரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதனால் வேலை திரும்பக் கிடைக்குமா தெரியாது.

மூத்தவளிடம் என் மேல் கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபித்தாலும் நியாயம்தான்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம். நானாக எழுதுகிறேன். எப்போது என்று தெரியாது.

அடுத்த வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு ஒரு வீடு இருக்க வேண்டும், அக்கா. அதுவரை அந்தக் கதவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

உங்கள் தங்கச்சி,
சிஸ்டர் ஜெயந்தி